டோனி க்வின் இறந்தபோது சான் டியேகோ ஏன் அவ்வளவு அழுதது?

கேள்வி கேட்டவர், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு பேஸ்பால் வீரருக்காக ஒரு நகரமே துக்கம் காத்ததாகப் படித்ததாகவும், அதன் காரணம் தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்த வீரர் டோனி க்வின். சான் டியேகோ பாட்ரேஸ் என்ற ஒரே அணிக்கு 1982 முதல் 2001 வரை இருபது பருவங்கள் ஆடியவர். 2014 ஜூன் 16 அன்று, அதாவது தந்தையர் தினத்திற்கு மறுநாள், உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோயால் 54 வயதில் காலமானார். அப்போது வேலை நிமித்தமாக நான் அந்த நகரத்தில் வசித்து வந்தேன். பேஸ்பாலைப் பொறுத்தவரை அரைகுறை அறிவுதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆட்டம் முதலில் எரிச்சலையே தரும்.

மறுநாள் மாலை, அணியின் மைதானமான பெட்கோ பார்க்கை ஒட்டிய புல்வெளியில் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையைப் பார்க்கச் சென்றேன். பீடத்தைச் சுற்றிலும் பூங்கொத்துகள், தொப்பிகள், 19 என்ற எண் பொறித்த சட்டைகள், குழந்தைகள் கிறுக்கிய அட்டைகள். அவற்றின் நடுவே கிடந்த ஒரு பழைய பந்துதான் என் கண்ணில் பட்டது. அதன் மீது பேனாவால் '5.5' என்று மட்டும் எழுதியிருந்தது. பெயரில்லை, இரங்கல் வாசகம் இல்லை. விலை எழுதியிருக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் நின்றிருந்த, எழுபது வயதை நெருங்கியிருக்கக்கூடிய ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தரையில் குனிந்து விரலால் வரைந்தே காட்டினார்.

பேஸ்பாலில் தடுப்பாளர்கள் நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாம் பேஸில் (பேட்டர் ஓடி எட்ட வேண்டிய முனைகளில் ஒன்று) நிற்பவர் 5, அவருக்கு அருகே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இருவருக்கும் இடையிலுள்ள சந்துதான் 5.5. இடக்கையரான க்வின், தம் பலத்தையெல்லாம் திரட்டிப் பந்தை வலப்பக்கம் இழுத்து அடிப்பதற்குப் பதிலாக, கடைசிக் கணம் வரை பந்தை வரவிட்டு எதிர்ப்பக்கத்துச் சந்து வழியாக அதைத் தள்ளிவிடுவார். அது அங்கே போகும் என்பது எதிரணிக்கும் தெரியும், பார்வையாளர்களுக்கும் தெரியும், இருந்தும் போய்விடும். நம் பேட்ஸ்மேன் ஒருவர் பாயின்ட்டுக்கும் கவருக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் பந்தைச் செலுத்திக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மைதானத்துக்கு வெளியே பந்தைப் பறக்கவிடுபவர்களையே கொண்டாடும் ஆட்டத்தில், இவர் புகழ் முழுவதும் தரையோடு உருண்டு போகும் பந்துகளால் வந்தது.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் சராசரி .338, அதாவது ஆயிரம் முறைக்கு 338 ஹிட் (அவுட் ஆகாமல் பேஸை எட்ட வைக்கும் அடி). நூறு முறைக்கு முப்பது ஹிட் அடித்தாலே சிறந்த ஆட்டக்காரர் என்று போற்றும் ஆட்டம் இது என்பதை நினைவில் கொள்க. மொத்தம் 3,141 ஹிட்கள், லீகின் முதல் பேட்டர் என்ற பட்டம் எட்டு முறை. எந்தப் பருவத்திலும் நாற்பது முறைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு அவுட்) ஆனதில்லை. தம் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் (பந்து எறிபவர்களில்) ஒருவரான கிரெக் மேடக்ஸிடம் நூறு முறைக்கு மேல் பேட் பிடித்தும் ஒருமுறைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இந்த எண்களைவிட அதிகமாகப் பேசுவது 1994ஆம் ஆண்டைப் பற்றி. அந்த ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிப் பருவம் பாதியில் நின்றபோது க்வினின் சராசரி .394. 1941இல் டெட் வில்லியம்ஸ் என்ற பேட்டருக்குப் பிறகு யாரும் எட்டாத .400ஐத் தொட இன்னும் மூன்றே மூன்று ஹிட்கள் போதுமாயிருந்தன. அந்த மூன்றை இன்றும் அவர்கள் வீட்டில் களவு போன நகையைப் போல எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வில்லியம்ஸ் சான் டியேகோவில் பிறந்தவர். 1999இல் பாஸ்டனில் நடந்த, நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில், முதுமையால் தளர்ந்திருந்த அவர் சம்பிரதாயத்துக்காக முதல் பந்தை எறிய வந்தபோது, அவர் சாய்ந்துவிடாதபடி தாங்கிக்கொண்டு நின்றவர் க்வின். அந்தக் காட்சியைப் பெரியவர் எனக்கு விவரித்தபோது தம் கையையே அப்படிப் பிடித்துக் காட்டினார். புள்ளிவிவரம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை. இதைச் சொல்லும்போதுதான் தழுதழுத்தது.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. வேறு அணிக்குப் போயிருந்தால் இன்னும் பெரிய தொகை கிடைத்திருக்கும் என்று எல்லாரும் அறிந்திருந்த நிலையில், குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1969இல் தொடங்கி, உலகத் தொடர் எனப்படும் இறுதிக் கோப்பையை ஒருமுறையும் வென்றிராத ஓர் அணியிலேயே இருந்தார். 1984, 1998 என இருமுறை இறுதி வரை கொண்டுபோனார்கள், இருமுறையும் தோற்றார்கள். கோப்பை இல்லாத ஊருக்குப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கையிலிருந்தது இந்த ஒரு மனிதர்தான். ஓய்வுக்குப் பிறகும் தாம் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக அணிக்கே பயிற்சியாளராகப் போய், இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எனவே அந்த நகரத்தில் பலருக்கு அவர் தொலைக்காட்சியில் பார்த்த நட்சத்திரம் அல்லர். தம் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முழங்கையை எப்படி மடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்.

அவருடைய திறமையும் தெய்வம் கொடுத்த வரமாகத் தெரியாமல், உட்கார்ந்து படித்த பாடமாகத் தெரிந்ததால் மக்களுக்கு அவர் இன்னும் நெருக்கமானார் என்று நினைக்கிறேன். 1983இல் பேட்டிங் சரிந்தபோது, வெளியூரில் இருந்தபடியே, வீட்டிலிருக்கும் வீடியோ ரெக்கார்டரில் தம் ஆட்டத்தைப் பதிவு செய்யும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த நாடாக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தம் தவற்றைத் தாமே கண்டுபிடித்தார். அதன்பின் ரெக்கார்டரையும் நாடாக்களையும் ஊர் ஊராகச் சுமந்து திரிந்ததால் 'கேப்டன் வீடியோ' என்று கேலிப் பெயரும் கிடைத்தது. இன்று எல்லா அணிகளும் காணொளியைப் பார்த்துத்தான் பயிற்சி செய்கின்றன.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. அந்த ஆட்டத்தில் வாய்க்குள் புகையிலை அடக்கிக்கொள்வது நெடுங்காலப் பழக்கம். க்வினும் இளமையிலிருந்தே அடக்கினார். 2010இல் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, புகையிலைதான் காரணம் என்று தாம் நம்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். அறுவைச் சிகிச்சையில் முக நரம்பு பாதிக்கப்பட்டு, ஒரு பக்கம் அசைவற்றுப் போயிற்று. அவரைப் பற்றிப் பேசும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவருடைய உரத்த, கீச்சென்று உயரும் சிரிப்பைத்தான். அந்த மனிதருக்குச் சிரிக்க முடியாமல் போனது என்பதை நினைத்தால், ஊர் அழுததில் வியப்பில்லை. ஜூன் 26 அன்று மைதானத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 2016இல் வீரர் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையே ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தம், முதன்மை லீகுக்குப் புதிதாக வரும் வீரர்கள் மைதானத்தில் புகையிலை அடக்குவதைத் தடை செய்தது. அதே ஆண்டில், முதன்மை லீகின் இரு பிரிவுகளுள் அவர் ஆடிய நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்துக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது.

சிலையருகே பெரியவரிடம் விடைபெற்றபோது அவர் திரும்பி நடந்தார். அவருடைய ஜீன்ஸின் பின்பையில், புகையிலை டப்பா பல ஆண்டுகள் அழுத்தி அழுத்தி வெளுத்துப்போன ஒரு வட்டத் தடம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாரோ என்னவோ, பையைத் தட்டிக் காட்டினார். காலியாக இருந்தது. நான்கு ஆண்டுகளாகிறது என்று மட்டும் சொன்னார்.