அம்மா தெரபிக்கு ஒத்துழைக்கேல்லையாம், நிப்பாட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. ஸ்ட்ரோக் வந்து வலது கை பெலனில்லாமப் போச்சு. ஆஸ்பத்திரியில ஒக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலையளைத் திரும்பச் செய்யப் பழக்கிற சிகிச்சை) மிஸ் சிங்களத்திலதான் கதைக்கிறா, மரக்கட்டையளை எடுத்து வைக்கச் சொல்லுறா. அம்மா ஒத்துழைக்கேல்லை எண்டு ரிப்போர்ட்ல எழுதியிருக்கு, ஞாபகம், யோசனை எல்லாம் பாக்கிற மொக்கா எண்ட டெஸ்ட்ல 30க்கு 17. இடது கையால சாப்பிடப் பழக்கச் சொன்னவை, அம்மா வாயே திறக்கிறா இல்லை. இனி நிப்பாட்டலாமா அக்கா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிப்பாட்டாதீங்கோ தங்கச்சி. அந்த 17ஐப் பாத்து அம்மாவுக்கு மூளை மங்கிட்டுது எண்டு பயப்படவும் வேண்டாம். அந்த டெஸ்ட்ல கோடு இழுக்கிறது, பெட்டி கீறுறது, மணிக்கூடு கீறுறது எண்டு மட்டும் 5 மார்க்ஸ் இருக்கு, வலது கை ஏலாத மனுசி அதை எப்பிடிக் கீறுறது? பிறகு சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படம் காட்டி பேர் கேப்பினம், சந்தையில மீன் விலை பேசுற அளவுக்கு சிங்களம் தெரிஞ்ச ஆளுக்கு காண்டாமிருகத்துக்கு சிங்களத்தில என்ன எண்டு வாயில வருமா சொல்லுங்கோ. இதே டெஸ்ட் தமிழ்லயும் இருக்கு, எந்த மொழியில செய்தவை, ஆர் மொழிபெயர்த்தது எண்டு கட்டாயம் கேளுங்கோ. வலது கை விழுந்தா அடிபட்டது மூளையின்ர இடது பக்கம், பேச்சும் அனேகமா அங்கதான், அதால ஸ்பீச் தெரபிஸ்டும் ஒருக்கா பாக்கவேணும்.

சாப்பாட்டு விஷயம்தான் எனக்குப் பெரிசாப் படுது. இடது கையால சோறு தின்னுறது எங்கட அம்மாமாருக்கு எவ்வளவு மானக்கேடு, அதை மிஸ்ஸிட்ட ஆராவது சொன்னீங்களா? சொன்னா அவவுக்கு வேற வழி தெரியும். பிடி மொத்தமான கரண்டி, விளிம்பு உயந்த கோப்பை, இடது கையால வலது கையைத் தாங்கிப் பிடிச்சு வாய்க்குக் கொண்டுபோறது, இப்பிடிக் கனக்க இருக்கு. உண்மையாச் செய்யவேண்டிய வேலையையே திரும்பத் திரும்பச் செய்யேக்கதான் கை நல்லா மீளும், அதால மரக்கட்டைக்குப் பதிலா புட்டை குழைச்சு உருண்டை பிடிக்கிறதையே பயிற்சியா வைக்கலாமா எண்டு கேளுங்கோ. ஆனா விழுங்கேக்க புரைக்கேறுதெண்டா முதல்ல டொக்டரிட்ட சொல்லுங்கோ. ஸ்ட்ரோக் வந்த ஆக்களில மூண்டில ஒருத்தருக்கு மனச்சோர்வும் வரும், வாய் திறக்காததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

மிஸ்ஸில பிழை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் துறையின்ர அளவுகோல்கள், ஆராய்ச்சியள் கனக்க மேற்கத்தைய ஆக்களை வச்சு வந்தது, தன்ர வேலையைத் தானே தனியாச் செய்யிறதுதான் சுகம் எண்ட எண்ணம் அதுக்குள்ள ஊறிக் கிடக்கு. ஜப்பான்ல அது பொருந்தேல்லை எண்டுதான் ஐவாமா எண்ட ஒக்குபேஷனல் தெரபிஸ்டும் அங்கத்தைய தெரபிஸ்ட்மாரும் சேந்து வாழ்க்கையை ஓடுற ஒரு ஆறு மாதிரிப் பாக்கிற காவா முறையை உருவாக்கினவை. எங்கட வீட்டில மகள் ஊட்டிவிட அம்மா சாப்பிடுறது வருத்தமே இல்லை, அது பாசம், ஆனா எந்த நேரமும் நீங்களே ஊட்டினா கை பழகாது, அதையும் யோசிங்கோ.

1952ல தொடங்கின ஒக்குபேஷனல் தெரபிஸ்ட்மாரின்ர உலக சம்மேளனம் இந்தப் படிப்புக்கு குறைஞ்சது 1000 மணித்தியாலம் நேரடிப் பயிற்சி வேணும் எண்டு வச்சிருக்கு. கொழும்பில அந்த மணித்தியாலங்களுக்குள்ள தமிழ்ல ஒரு நோயாளியோட கதைக்கிறதும் கட்டாயம் இருக்கவேணும் எண்டு நான் நினைக்கிறன். பயோ செய்யிற எங்கட பிள்ளையளும் இதுக்குப் போகவேணும், களனிப் பல்கலைக்கழகத்தின்ர ராகம மருத்துவ பீடத்தில டிகிரியே இருக்கு.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவின்ர ஒரு நாளை ஒரு பக்கத்தில எழுதிக் கொண்டுபோங்கோ: எத்தனை மணிக்கு எழும்புறவ, சாமிக்குப் பூ வைக்கிறவவா, திருவலையில இருந்து தேங்காய் துருவினவவா, ஆருக்குச் சமைச்சவ. அதில எது திரும்பச் செய்ய ஆசை எண்டு அம்மாவையே கேட்டு, ஒவ்வொண்டுக்கும் 1இல இருந்து 10 வரை எவ்வளவு முக்கியம் எண்டு அவவையே சொல்லச் சொல்லுங்கோ, தெரபிஸ்ட்மார் பாவிக்கிற கனேடிய முறை ஒண்டும் இப்பிடித்தான் கேக்கிறது. சிங்களம் நல்லாத் தெரிஞ்ச ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, இல்லாட்டி தமிழ் தெரிஞ்ச ஸ்டாஃப் ஒராளை வார்ட்லயே கேளுங்கோ, தமிழும் அரசகரும மொழிதான், கேக்க வெக்கப்படாதீங்கோ.