டென்னிஸ் ஓய்வுக்குப் பின்: நகையை மீட்பதா, சொந்த அகாடமி தொடங்குவதா?

கேள்வி: எனக்கு 31 வயது, சென்னையில் பெற்றோருடன் வசிக்கிறேன். பத்தாண்டுகளுக்கு மேல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) மகளிர் போட்டிகளில் ஆடினேன். இரட்டையரில் சில பட்டங்கள் உண்டு. ஒற்றையர் தரவரிசையில் 500க்குள் வந்ததில்லை. தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். வங்கி வைப்புநிதியில் 6.5 லட்சம் ரூபாய் இருக்கிறது. என் பயணங்களுக்காக அம்மாவின் நகைகளை அடகு வைத்து வாங்கிய 4 லட்சம், 18% வட்டியில் இன்னும் நிற்கிறது. ஓர் அகாடமி மாதம் 50,000 ரூபாய்க்கு அழைக்கிறது. 15 லட்சம் கடன் வாங்கி, இரண்டு கோர்ட்டுகளைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக நடத்தும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா எனக்காகச் செலவழித்ததை விரைவில் திருப்பித் தர விரும்புகிறேன். எது சரி?
– வாசகி, சென்னை

பதில்: அப்பாவின் செலவை உங்கள் கடன் பட்டியலிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஆடிய நிலையில் நட்டம் ஏற்படுவதுதான் இயல்பு. ஐ.டி.எஃப். மகளிர் போட்டிகளின் கடைசிப் படியான டபிள்யூ15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர்; பட்டம் வென்றவருக்கு அதில் 2,000 டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும், முதல் சுற்றில் தோற்றவருக்கு 200 டாலர்கூடக் கிடைக்காது. இத்தகைய போட்டிகள் நடக்கும் துனிசியாவின் மொனாஸ்டிருக்கோ துருக்கியின் அன்டால்யாவுக்கோ போய்வரும் விமானக் கட்டணம், விசா, ஓட்டல், ராக்கெட் ஸ்ட்ரிங் என்று பார்த்தால், அரையிறுதி வரை வந்தவருக்கும் அந்த வாரம் கையைக் கடித்திருக்கும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டின் கணக்குகளை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே, ஒற்றையர் தரவரிசையில் ஏறத்தாழ 253ஆம் இடத்தில்தான் பெண்களுக்கு வரவும் செலவும் சரிக்குச் சரியாக வந்தன. உங்கள் ஊதாரித்தனத்தால் வந்த நட்டம் அல்ல இது. அதை ஈடுகட்டும் அவசரத்தில் இன்னொரு பெரிய கடனில் இறங்க வேண்டியதில்லை.

வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன் நகைக்கடன் ஒன்றுதான். 4 லட்சத்துக்கு 18% என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய் வட்டி. அதே தொகை வைப்புநிதியில் 7% ஈட்டினாலும் 28,000 ரூபாய்தான். ஆக, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கு 44,000 ரூபாயை இழந்து வருகிறீர்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதற்காக வங்கி வட்டியில் சிறிது பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்த மாதமே நகைகளை மீட்டுவிடுங்கள். மீதமுள்ள 2.5 லட்சம் வீட்டின் அவசரகால நிதி, அதைத் தொடக்கூடாது.

அகாடமி தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்று கேளுங்கள். கட்டணமென்றால் பொதுவாக 10% வரியை முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடித்து மாதம் 45,000 ரூபாய்தான் தருவார்கள். வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், கணக்குத் தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். ஆனால் வருங்கால வைப்புநிதி இருக்காது. ஐ.டி.எஃப். போட்டிகளில் ஆடியதற்கு ஓய்வூதியம் கிடையாது. மத்திய அரசின் விளையாட்டு வீரர் ஓய்வூதியமும் ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசிய, காமன்வெல்த் போட்டிகள் போன்றவற்றில் பதக்கம் வென்றவர்களுக்குத்தான். 31 வயதில் முதல் வேலைக்குச் சேர்பவராக உங்களைக் கருதி, மாதம் 8,000 ரூபாயைப் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் குறியீட்டு நிதியில் மாதாந்தர முதலீடாகவும் (எஸ்.ஐ.பி.), 3,000 ரூபாயைப் பொது வருங்கால வைப்புநிதியிலும் (பி.பி.எஃப்.) போட்டு வாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் தோள்பட்டை அறுவைச் சிகிச்சையை மறைக்காதீர்கள். முன்பே உள்ள பாதிப்புக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். மறைத்தது தெரியவந்தால் பாலிசியே ரத்தாகலாம்.

சொந்த அகாடமி என்ற ஆசையில் தவறில்லை, இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. 15 லட்சத்தை 12% வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை மட்டும் சுமார் 33,400 ரூபாய். குத்தகை, மார்க்கர் (பயிற்சியில் எதிரே நின்று பந்தடிப்பவர்) கூலி, பந்துகள், விளக்குகளுக்கான மின்கட்டணம் எல்லாம் அதற்கு மேல். ஏப்ரல், மே கோடை முகாமில் கூட்டம் அலைமோதும். அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பிறகு மார்ச்சில் முழுஆண்டுத் தேர்வு என்று ஆண்டில் பல மாதங்கள் கோர்ட் காலியாகக் கிடக்கும், ஆனால் தவணைத் தேதி தள்ளிப்போகாது. குறைந்தது இரண்டாண்டுகள் பிறருடைய கோர்ட்டில் பயிற்சியளித்து, ஐ.டி.எஃப். முதல் நிலைப் பயிற்சியாளர் சான்றிதழைப் பெற்று, மழைக்காலத்திலும் எத்தனை பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள் என்று கவனித்தபின் முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வார இறுதிகளில் தனிப்பயிற்சி அளிக்க உங்களுக்குத் தடை இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கொடுக்க விரும்பும் தொகையை அந்த வருமானத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கலாம்.