பிழைத்த பதினொன்று

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மரம் வளர்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 63 வயது. போன வருடம் ஒரு குழுவோடு சேர்ந்து ஒரே நாளில் 200 கன்றுகள் நட்டோம். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் 11தான் உயிரோடு இருந்தன. மனசே விட்டுப்போயிற்று. அந்த நிழலில் நான் உட்காரப் போவதும் இல்லை. இதற்கு மேலும் நட வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

அந்த 11 கன்றுகளுக்கு இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? கடிதத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது.

மற்றவை பட்டுப்போனதற்கு உங்கள் வயது காரணமில்லை. கன்றின் வேர், ஈரம் தங்கும் ஆழத்துக்கு இறங்க இரண்டு மூன்று கோடை பிடிக்கும். அதுவரை அது கைக்குழந்தை மாதிரி. நான் நட்ட ஒரு புங்கங்கன்று இரண்டு வருடமாக வளரவே இல்லை. கடைசியில் பிடுங்கிப் பார்த்தேன். அவசரத்தில் நாற்றுப்பையை முழுதாகக் கிழிக்காமல் குழியில் இறக்கியிருக்கிறேன். வெளியே வர வழியில்லாமல் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பை வடிவத்திலேயே முறுக்கிக் கிடந்தது. அதைக் கையில் வைத்திருந்தபோது பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை.

கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவை நினைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அவரும் கணவரும் சாலையோரம் ஆலங்கன்றுகளை வைத்தார்கள். முதல் வருடம் 10, அடுத்து 15, அப்புறம் 20. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், ஆடுமாடு மேயாமல் முள் வைத்துக் கட்டினார்கள். அப்படி வளர்ந்தவைதான் அந்த 385 ஆலமரங்கள். எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான் நட்டிருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய இயக்கமும், பெண்கள் வளர்த்த கன்றுகளில் பிழைத்தவற்றுக்குத்தான் சிறு தொகை கொடுத்தது. நட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நிழலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆலமரம் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும். பழம் தின்ன வரும் பறவை எச்சத்தோடு வேறு விதைகளையும் போட்டுவிட்டுப் போகும். அடியில் விழும் சருகு மட்கி மண்ணாகும், அந்த மண் மழைநீரைப் பிடித்து வைக்கும். இலைகள் விடும் நீராவியால் சுற்றுப்புறம் குளிரும். ஆனால் இதெல்லாம் வளர்ந்த மரம் செய்கிற வேலை. பெரிய மரத்தை வெட்டிவிட்டு, 'பதிலுக்குப் பத்துக் கன்று வைக்கிறோம்' என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. அந்தப் பத்தும் அதன் இடத்துக்கு வளர்ந்து வருவதற்குள் ஒரு தலைமுறை வெயிலில் நின்றிருக்கும். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு நிழல் வேண்டுமென்றால் இப்போதே வளர்த்தாக வேண்டும். 63 வயது அதற்குத் தாமதமே இல்லை.

சரி, இப்போதைக்குப் புதிதாக எதுவும் நட வேண்டாம். அந்த 11க்கும் வட்டமாகப் பாத்தி கட்டி, தண்டில் ஒட்டாமல் சருகு மூடாக்குப் போடுங்கள். மழை தொடங்கியதும் ஐந்து கன்று போதும், பையை முழுதாகக் கிழித்துவிட்டு நடுங்கள். இந்தக் கோடை முடிந்ததும் 11இல் எத்தனை துளிர் விட்டிருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.