கேள்வி–பதில்: பாரிசில் ஏன் பிரிந்தார்கள்?

கேள்வி: போலந்து இயக்குநர் பாவெல் பவ்லிகோவ்ஸ்கியின் ‘கோல்ட் வார்’ (2018) பார்த்தேன். எல்லைக் காவல், கட்சி, வேவு என எல்லாத் தடைகளையும் தாண்டிப் பாரிசில் சேர்ந்த காதலர்கள் அங்கே சண்டையிட்டுப் பிரிவதை நம்ப முடியவில்லை. அவர்களைப் பிரித்தது அரசியலா, குணமா?

பதில்: குணம்தான் என்பது என் கட்சி. 1952இல் கிழக்கு பெர்லினிலிருந்து தப்பிச் செல்ல நாயகன் விக்டர் காத்திருக்கும்போது, நாயகியான பாடகி சூலாவை எந்தக் காவலரும் தடுக்கவில்லை. அவளாகவேதான் வராமல் இருந்துவிடுகிறாள். படித்த இசைக்கலைஞனான அவனுக்குத் தான் ஈடில்லை என்று எண்ணியதாகப் பின்னர் அவளே சொல்கிறாள். அந்தத் தாழ்வுணர்ச்சியைச் சுமந்துகொண்டே பாரிசுக்கு வந்தவளை, அங்குள்ள நண்பர்களிடம் சுவையான கதையாக விக்டர் அறிமுகப்படுத்தும்போது, காயம் ஆறுவதற்கு வழியேது?

நீங்கள் மறுமுறை பார்த்தால், ‘இரு இதயங்கள்’ என்ற அந்த ஒரே பாட்டைத் தொடர்ந்து சென்று பாருங்கள். தொடக்கத்தில் கிராமத்துச் சிறுமி ஒருத்தி துணையிசை இல்லாமல் பாடுவது, அவர்கள் இருவரும் இருந்த நாட்டுப்புறக் கலைக்குழுவின் மேடையில் சேர்ந்திசையாகி, பாரிசு விடுதியில் ஜாஸ் ஆகி, கடைசியில் விக்டரின் முன்னாள் காதலி எழுதிய பிரெஞ்சு வரிகளுடன் இசைத்தட்டாக வெளிவருகிறது. அந்தத் தட்டைச் சூலா நீரூற்றில் வீசி எறிவது வெறும் கோபமன்று. தன் குரலில் தனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை என்று அவள் கண்டுகொண்ட கணம் அது. (சூலாவாக நடித்த யோவான்னா கூலிக்கின் நடிப்புக்கு அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம், சிறந்த இயக்குநர் விருது மட்டும் பவ்லிகோவ்ஸ்கிக்குக் கிடைத்தது.)

அரசியலுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். நாடு திரும்பும் விக்டருக்குச் சிறைத்தண்டனையும், அவனை மீட்கச் சூலா கொடுக்கும் விலையும் அரசின் கொடுமையே. ஆனாலும் திரும்பிப் போக வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்தாம். இப்படத்தைத் தம் பெற்றோருக்குக் காணிக்கையாக்கிய இயக்குநர், நாயகன் நாயகிக்கு அவர்களுடைய பெயர்களையே சூட்டினார். அவர்களும் பலமுறை பிரிந்து, நாடு மாறி, மறுபடி சேர்ந்தவர்களே.

1949இலிருந்து 1964 வரையிலான காலம் 88 நிமிடங்களுக்குள் அடங்கிவிடுவதும் உங்கள் ஐயத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் திரை இருண்டு ஆண்டு மாறும்போது, அன்றாட வாழ்வின் சலிப்பும் சமாதானமும் அந்த இருளுக்குள் போய்விடுகின்றன. நமக்குக் காட்டப்படுவன பெரும்பாலும் சந்திப்புகளும் பிரிவுகளும் மட்டுமே.