இருட்டில் சுழலும் கோலம்

ஒளியை வாங்கி இருட்டில் ஒளிரும் பெயிண்ட் பூசிய தட்டைச் சுழலவிட்டு, அதில் லேசரால் வரைவது பற்றி நம்மவர்கள் கேட்டவை.

கோவை மாணவர்: அண்ணா, சிவப்பு லேசரை எவ்வளவு நேரம் காட்டினாலும் கோடு விழவே மாட்டேங்குது. பெயிண்ட் மட்டமா?

பெயிண்டைத் திட்டாதீங்க தம்பி. சிவப்பு ஒளிக்கு அதை உசுப்பும் ஆற்றல் கிடையாது. 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா லேசர் வாங்குங்க. தொட்ட இடமெல்லாம் பச்சையாக ஒளிரும்.

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைக்காரர்: பெயிண்ட் கலக்க எந்த ஒளிரும் பவுடர் நல்லதுங்க?

ஸ்ட்ரான்சியம் அலுமினேட். பழைய ஜிங்க் சல்பைடைவிடப் பளிச்சென்று, பல மணி நேரம் நிற்கும். மேலே கோட்டிங் இல்லாத பவுடரைத் தண்ணீர் கெடுத்துவிடும், அதனால் பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷில் கலக்குங்க. கலக்குவது மரக்குச்சியாக இருக்கட்டும். பவுடர் கரடுமுரடானது, இரும்புக் கரண்டியைச் சுரண்டிச் சாம்பல் நிறமாகிவிடும். தட்டுக்கு முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல் இரண்டு மூன்று கை பூசினால்தான் வெளிச்சம் எழும்பும்.

ஈரோடு வாசகர்: பழைய டேபிள் ஃபேன் மோட்டார் போதுமா?

வேண்டாங்க, அதன் வேகம் ரொம்ப அதிகம். 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 60 சுற்று, கூடவே வேகம் குறைக்கும் ஒரு திருகு. லேசரை அசைக்காமல் பிடித்தால் வட்டம் விழும். விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்த்தினால் சுருள். ருசியே இனிமேல்தான். லேசரை நொடிக்கு 5 முறை மினுக்க விட்டு உள்ளே நகர்த்துங்க, சக்கரத்தில் இருப்பதுபோல் நேரான 5 ஆரங்கள் வரும். திருகைத் துளி திருப்பினால் அந்த 5 ஆரமும் வளைந்து சுழிக்கும். பார்க்க வருபவர் கையில் அந்தத் திருகைக் கொடுத்துவிடுங்க, அவரே வரைந்த மாதிரி ஆகிவிடும்.

கோபி ஆசிரியை: பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் கையில் லேசர் கொடுக்கலாமா?

கூடவே கூடாது அம்மணி. லேசர் கண்ணைக் கெடுத்துவிடும். ஊதா நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதை நம்பி ஏமாறக் கூடாது. மலிவு லேசர்களில் சக்தி 5 மில்லிவாட்தான் என்று ஒட்டியிருக்கும் லேபிளையும் நம்ப முடியாது. லேசரைத் தட்டை நோக்கிக் கீழ்ப்பக்கமாக ஸ்டாண்டில் இறுக்கி, சுற்றிலும் அட்டை மறைப்பு வையுங்க. வளையல், வாட்ச், எவர்சில்வர் எதுவும் கதிரில் படக் கூடாது.

பொள்ளாச்சி வாசகர்: முன்பு வரைந்தது அழிய நேரமாகுதுங்களே?

ஹேர் டிரையர் காட்டுங்க. சூட்டில் ஒரு கணம் பளீரென்று ஒளிர்ந்து, பிறகு சீக்கிரம் மங்கும். கூட்டம் வரும் இடமென்றால் இரண்டு தட்டு வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்க.