ரூபேயில் பழைய வரிசை வீடு: நாமே செய்தால் மிச்சமாகுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: பிரான்சின் வடக்கே லீலுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது, அதை ஒட்டிய ரூபே ஊர்ப் பக்கம் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பழைய செங்கல் வீடு ஒன்று மலிவாக வருகிறது, வேலை நிறைய இருக்கிறது, இங்கே பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் தாங்களே செய்துகொள்கிறார்களே, நானும் வீட்டுக்காரியும் சனி ஞாயிறில் செய்தால் பாதிச் செலவு மிச்சமாகாதா? நான் இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மிச்சமாகும். ஆனால் எல்லா வேலையிலும் ஆகாது. சில வேலைகளை நீங்களே செய்தால் ஆள் வைத்துச் செய்வதைவிடக் கூடுதலாகக்கூடப் போகும். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டி 2 வருடத்துக்கு மேலான வீட்டில் தொழில்காரர் பொருளும் கொண்டுவந்து வேலையும் செய்தால் வரி பொதுவாக 10 சதவீதம், வெப்பக்காப்பு போன்ற எரிசக்தி வேலைகளுக்கு 5.5 சதவீதம். அதே பொருளை நீங்கள் லுருவா மெர்லான், காஸ்தொரமா மாதிரிக் கட்டுமானப் பொருள் கடையில் வாங்கினால் 20 சதவீதம். அப்புறம் 2020-இல் வந்த மாப்ரிம்ரெனோவ் என்ற அரசு உதவி. அது 15 வருடத்துக்கு மேலான வீடுகளுக்கு, அதுவும் ஆர்.ஜி.இ. என்ற எரிசக்தி வேலைத் தரச் சான்று பெற்ற நிறுவனம் செய்த வேலைக்குத்தான். நீங்களே கூரைக்குள் ஏறிக் கண்ணாடிப் பஞ்சை விரித்தால் ஒரு சென்ட்டும் வராது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே பிரான்ஸ் ரெனோவ் என்ற அரசு ஆலோசனை மையத்தில் போய்க் கேளுங்கள், இலவசம்தான். வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆகவே கூரைக் காப்பு, வீட்டைச் சூடாக்கும் கருவி இரண்டையும் தொழில்காரரிடம் விடுங்கள். சாளரமும் அப்படித்தான், தெருப்பக்கச் சாளரத்தை மாற்ற மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், முன்னறிவிப்பு வேறு கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஒரு மாதம் ஆகும், பழைய நினைவுச் சின்னம் பக்கத்தில் இருந்தால் இரண்டு மாதம். தொழில்காரர் செய்த பெரிய வேலைகளுக்கு 10 வருடக் காப்புறுதியும் உண்டு. நீங்கள் செய்ததற்கு உங்கள் மனைவியின் முறைப்புதான்.

மின்வேலையைச் சொந்த வீட்டில் நீங்களே செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம். துணி சுற்றிய கம்பி, எர்த் இல்லாத பிளக், இதெல்லாம் இந்த வீடுகளில் சகஜம். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கட்டாயம். சுவரில் பள்ளம் வெட்டிக் குழாய் பதிக்கிற அழுக்கு வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், கம்பி இழுத்து இணைப்பதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். பல எலெக்ட்ரீஷியன்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், கூலியும் இறங்கும்.

கூலிதான் பெரும் பங்கு, பொருள் சொற்பம் என்கிற வேலைகளில்தான் நம் கை காசாகிறது. காகிதம் உரிப்பது, பழைய பூச்சைக் கொத்துவது, சுண்ணாம்புப் பூச்சு, மரத்தரையைச் சீவுவது, சாயம். இவற்றில் சுவர் வேலையைத்தான் நான் அதிகம் பேசுவேன், ஏனென்றால் அந்த வீடுகள் கெடுவதே அங்கேதான்.

அங்கே எங்கள் வீட்டில், பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரில் முன்னால் இருந்தவர் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான சாயம் அடித்திருந்தார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. முழங்கால் உயரத்தில் மட்டும் சாயம் கொப்பளித்திருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே பொருபொருவென்று மாவு போல. கொத்தி எடுத்தபோது பின்னால் செங்கல் ஈரமாக, வெள்ளைப் பஞ்சு போல உப்புப் பூத்து இருந்தது. அந்தக் காலத்துச் செங்கல் சுவரில் கீழிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியே உலர்ந்துவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால், ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கலையே அரிக்கும்.

இது நம் ஊர்க்காரருக்குப் புதிதில்லை. புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கிற வீடுகள் என்ன? அதே செங்கல், அதே சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்த கலவை என்பதுதான் வித்தியாசம். புதுச்சேரிக் கடற்கரையில் பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கவனிக்காமல் விட்ட பழைய கட்டடத்துக்குள் தண்ணீர் இறங்கினால் அதுதான் கதி. ரூபேயில் மழை இவ்வளவு அடித்துப் பெய்யாது, நச்சு நச்சென்று வருடம் முழுக்கத் தூறும். ஆகவே முதல் காசு கூரை ஓட்டுக்கும் மழைநீர்த் தாரைக்கும். குளியலறை டைல்ஸ் பிறகு.

சுண்ணாம்பு வாங்கும்போது மூட்டையில் என்.எச்.எல். என்று போட்டு ஓர் எண் இருக்கும். மெத்தென்ற பழைய செங்கலுக்கு 2 அல்லது 3.5 போதும், 5 வேண்டாம். பழைய சுவரை நன்றாக நனைத்துவிட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பூச்சு பாளம் பாளமாக விடும். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை கூடாது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் கரண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

பழைய சாயத்தை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். 1949-க்கு முன் கட்டிய வீட்டை விற்கும்போது ஈயச் சாயம் பற்றிய அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். கல்நார் பற்றிய அறிக்கை 1997 ஜூலைக்கு முன் அனுமதி வாங்கிய வீடுகளுக்கு. இரண்டையும் நோத்தேர் (சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) கொடுக்கும் காகிதக் கட்டுக்குள் தேடி வரிவரியாகப் படியுங்கள். பின்கட்டுக் கொட்டகையின் நெளிவுத் தகடு, சமையலறையின் பழைய தரை ஓடு, அதை ஒட்டிய கறுப்புப் பசை, இவற்றில் கல்நார் இருக்கலாம். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஈயத்தை இன்னும் பயந்தே அணுகுங்கள்.

இருவர் சேர்ந்து செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் உடைப்பார், நான் பூசுவேன். அவருக்குப் பொறுமை கிடையாது, எனக்குத் தோள் வலு கிடையாது. ஒரே சுவரில் இருவரும் நின்றால் சண்டைதான், தனித்தனி அறை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தி வைக்கக்கூடிய ஓர் அறையை முதலிலேயே முடித்துவிடுங்கள், படுக்கையும் குக்கரும் அங்கே. தூசியிலேயே சோறு தின்றுகொண்டு ஒரு குளிர்காலம் ஓட்டினால் நல்ல தம்பதியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள், கையில் ஒரு டப்பா முறுக்கோடு போனால் நல்லது. அவர்கள் சுவரும் அதுதானே. ஞாயிறு மதியம் டிரில்லை எடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கணக்கில் இதையும் சேருங்கள்: பழைய வீட்டுக்கு நோத்தேர் செலவு ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம். வங்கி வேலைக்கும் சேர்த்துக் கடன் தரும், ஆனால் பெரும்பாலும் தொழில்காரர் எழுதித் தரும் செலவு மதிப்பீட்டைக் கேட்கும். "நாங்களே செய்வோம்" என்றால் முகம் சுளிக்கும். முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

வரவேற்பறைப் படங்களை அனுப்பியிருக்கிறீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது நிலவறைச் சுவர், மின்பெட்டி, மழைநீர்த் தாரை, பொதுச் சுவரின் அடிப்பாகம். அந்த நாலையும் படம் எடுத்து அனுப்புங்கள். பொங்கல் முடிந்து நாங்கள் திரும்பிவிடுவோம், அதற்குள் விற்காமல் இருந்தால் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம். ஈரம் அளக்கிற கருவி என்னிடம் இருக்கிறது.