ஒரே ஒரு தடவை ஓடுகிற ஸ்கிரிப்ட்

அன்புள்ள சார்,

எங்கள் தளம் ஜாங்கோ என்ற பைத்தான் ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. அதன் மாடலை, அதாவது டேட்டாபேஸ் அட்டவணைக்கான கிளாஸை, தனி பைத்தான் கோப்பில் இம்போர்ட் செய்தால் ‘ஆப்ஸ் ஆரன்ட் லோடட் யெட்’ என்று விழுகிறது. வாடிக்கையாளர் முகவரிகளைத் திருத்த வேண்டும். ஒரே ஒரு தடவை ஓடுகிற சின்ன ஸ்கிரிப்ட்தான். எங்கள் டீம் லீட் நேராக டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் எழுதிச் செய் என்கிறார். இதுகூடத் தெரியாத நான் இந்தத் துறைக்கு லாயக்கா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

செட்டிங்ஸ் கோப்பு எது என்று என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்லிவிட்டு, ஜாங்கோவின் செட்டப்பை அழையுங்கள். மாடல் இம்போர்ட் அதற்குக் கீழே வரட்டும். 2014இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து இதுதான் முறை. லாயக்கு பற்றியெல்லாம் இரண்டு வரி பிழைக்காகப் புலம்பாதீர்கள். டீம் லீடோடு சண்டையும் வேண்டாம்.

ஆனால் அந்த ‘ஒரே ஒரு தடவை’ இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் அப்படித்தான் ஆறு வரி எழுதினேன். மாணவர் பெயர்களின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த ஸ்பேஸை வெட்ட வேண்டும். ஒவ்வொருவராக எடு, ஸ்ட்ரிப் செய், சேவ் செய். இரவு பதினொன்றரைக்கு ஓடவிட்டு டீக்கடைக்குப் போனேன். அந்த மாடலின் போஸ்ட்-சேவ் சிக்னலில், அதாவது சேவ் ஆனதும் தானாக ஓடும் கோடில், விவரம் மாறினால் பெற்றோருக்கு எஸ்எம்எஸ் போகும்படி யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். எஸ்எம்எஸ்ஸின் கடைசியில், உதவிக்கு என்று என் நம்பர். டம்ளர் கையில் இருக்கும்போதே போன். தூக்கம் கலைந்த ஒரு குரல்: “சார், என் பொண்ணுக்கு என்னாச்சு?” பெயருக்குப் பின்னால் இருந்த ஸ்பேஸை எடுத்தோம் என்று நடுராத்திரியில் ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது?

மாடலைத் தனியாகக் கூப்பிட முடியாது, தம்பி. குடும்பத்தோடுதான் வரும். செட்டப் ஓடும்போதே ஒவ்வொரு ஆப்பின் ரெடி ஃபங்ஷனும் ஓடி, சிக்னல்கள் வந்து உட்கார்ந்துவிடும். பல வரிகளை ஒரே எஸ்க்யூஎல்லில் மாற்றும் குவெரிசெட்டின் அப்டேட்டில் போனால் சேவும் ஓடாது, அந்த சிக்னல்களும் அடிக்காது. சேவ் ஆகும்போது தானாகப் பதிகிற ஆட்டோ-நவ் தேதியும் மாறாது. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

அதைவிட, ஆப்புக்குள் மேனேஜ்மென்ட், அதற்குள் கமாண்ட்ஸ் என்று ஃபோல்டர் போட்டு அங்கே எழுதுங்கள். மேனேஜ்.பை வழியே ஓடுவதால் செட்டப் வரியே தேவைப்படாது, கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டிலும் (Git) நிற்கும். அடுத்த மாதம் இதே திருத்தம் மறுபடி வரும். அப்போது உங்கள் லேப்டாப்பின் டவுன்லோட்ஸில் தேட வேண்டியிருக்காது. டேட்டாவை மாற்றும் முன் எந்த டேட்டாபேஸ், எத்தனை வரி என்று அச்சிட்டு நிற்கட்டும். ‘ஆம்’ என்று நீங்கள் தட்டிய பிறகே தொடரட்டும்.

இன்றைக்கு ஓட்டாதீர்கள். போஸ்ட்-சேவ் என்று புராஜெக்ட் முழுக்க கிரெப் கட்டளையால் தேடுங்கள். என்ன அகப்பட்டது என்று எனக்கு எழுதுங்கள்.